குடிமனையும் மூன்று மா நிலமும்

திருவாரூரைத் தாண்டி நாகப்பட்டினம் சாலையில் கிழக்கே போகப் போக நிலம் தாழ்ந்துகொண்டே வரும். நம் கண்ணுக்கு அது தெரியாது, வாய்க்காலுக்குத் தெரியும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர், வழியில் எல்லா மதகுகளுக்கும் கொடுத்த மிச்சமாக வந்து சேரும் கடைமடை இது. ஓடம்போக்கி, வெட்டாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி என்று ஆற்றுக்குப் பெயர் நிறைய உண்டு. தண்ணீர் ஓடும் நாட்கள்தான் குறைவு.

நான் போனது தை மாதக் கடைசி. சம்பா அறுப்பு முக்கால்வாசி முடிந்திருந்தது. பெல்ட் போட்ட அறுவடை மிஷின்கள் சாலையோரம் நின்றன. அறுத்த வயல்களில் தாள்கட்டைகளுக்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. நிலச்சீர்திருத்தம் என்று பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் முடிந்துவிடும் சங்கதி, இந்தக் கடைமடையில் ஒரு கூலிக் குடும்பத்தின் உலைப்பானை வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் என் உத்தேசம். புள்ளிவிவரம் சென்னையிலேயே கிடைக்கும். அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

கீழ்வேளூரில் ஒரு ஆட்டோ பிடித்தேன். போகும் வழியெல்லாம் ஓட்டுநர் நிலத்துக்கு ஆள் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்தப் பக்கம் பூரா எட்டு வேலி, ஒரே குடும்பம். இப்ப ஆளுக்கு ஒரு ஊருல இருக்காங்க." அவருக்கு எவ்வளவு நிலம் என்றேன். "நமக்கு ரெண்டு மா" என்றார். ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பெரிய வீட்டு நிலத்தை வேலியிலும் தன் நிலத்தை மாவிலும் சொல்லும் பழக்கம் இங்கே போகவில்லை.

கீழ்வேளூரிலும் தேவூரிலும் கோச்செங்கட்சோழன் பெயர் சொல்லும் மாடக்கோயில்கள் இருக்கின்றன. யானை ஏற முடியாத படிக்கட்டு. கோயில் பார்க்க வருகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். தேவூரிலிருந்து உள்ளே திரும்பினால் கீழ்வெண்மணி.

1968 டிசம்பர் 25 இரவு அங்கே நடந்ததைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும் காரணம். ஒரே குடிசைக்குள் 44 தலித் உயிர்கள் எரிந்தன. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். நாகப்பட்டினத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுவித்தது. கார் வைத்திருக்கும் கனவான்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று அந்தத் தீர்ப்பு ஐயப்பட்டது. நினைவிடத்தில் 44 பெயர்களும் பொறித்திருக்கின்றன. வயதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் அந்தப் பட்டியலைப் படித்து முடிப்பது கடினம். ஒவ்வொரு டிசம்பரிலும் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். நான் போன நாளில் யாரும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்.

வெண்மணியைப் பற்றி எழுதுகிறவர்கள் தீயோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு அரசாங்கம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். கணபதியா பிள்ளை கமிஷன் போட்டார்கள். 1969இல் கிழக்குத் தஞ்சைக்கென்று விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்போருக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. கடைசியாகச் சொன்ன இந்தச் சட்டத்தைப் பற்றி மேடைகளில் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் நான் போன தெருக்களில் வயதானவர்களிடம் "எப்ப நெலம மாறுச்சு?" என்று கேட்டால், வேறு வேறு வார்த்தைகளில் அங்கேதான் வந்து நின்றார்கள்.

பண்ணையாள் என்றால் மிராசுதாரின் நிலத்தில் உழைப்பவர் மட்டும் இல்லை, மிராசுதாரின் மண்ணில் குடியிருப்பவர். குடிசையின் மூங்கிலும் கீற்றும்தான் அவருடையது. அது நிற்கும் தரை பண்ணைக்குச் சொந்தம். அதனால் கூலித் தகராறு என்பது கூலியோடு நின்றதில்லை. இன்றைக்குக் கூடக் கேட்டால் நாளைக்கு வீடு இருக்காது. வெண்மணிக்கு அடுத்த ஊர் ஒன்றில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பழைய கதை கேட்டேன்.

"எங்க மாமனாரு ஒருதரம் களத்துல எதுத்துப் பேசிட்டாரு. சாயந்திரமே காரியக்காரரு வந்து, குடிசையப் பிரிச்சிக்கிட்டுப் போயிடுன்னாரு. பிரிச்சி எங்க போறது தம்பி? சுத்தி எல்லாம் அவங்க மண்ணுதான். போயிக் கால்ல விழுந்துட்டு வந்தாரு."

"பட்டா வந்த பிறகுமா?"

"பட்டா வந்த பெறவு யாரு கால்ல விழணும்?" என்று முறத்தைத் தட்டினார். பிறகு உள்ளே கை காட்டினார். மகன் வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடு. அதற்குக் கடன் வாங்கியதும் அந்த மனைப்பட்டாவை வைத்துத்தான்.

கணக்குப் பார்த்தால் அது மூன்று சென்ட், ஐந்து சென்ட் இடம். ஒரு மரக்கால் நெல்கூட விளையாது. ஆனாலும் காலடி மண் தனதான பிறகு வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது. அடுத்த ஊருக்குப் போய் அதிகக் கூலிக்கு நடவு நட முடிந்தது. பையனை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் கேட்பாரில்லை. வறுமையை ஏக்கரில் மட்டும் அளக்கும் ஆய்வாளர்களுக்கு இந்த ஐந்து சென்ட் கண்ணில் படுவதில்லை. கீழத்தஞ்சையில் நடந்த நிலச்சீர்திருத்தங்களில் கூலிக்காரர் வீட்டை அதிகம் மாற்றியது இதுதான் என்பது என் கட்சி.

பெரிதாகப் பேசப்பட்டது உச்சவரம்புச் சட்டம். 1961இல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தார்கள். 1970இல் கருணாநிதி ஆட்சி அதை 15 ஆக்கியது. குடும்பம் பெரிதானால் ஆளுக்குக் கொஞ்சம் கூடும். பெண்களின் சீதன நிலம் 10 ஏக்கர் வரை தனிக்கணக்கு. அறக்கட்டளை நிலம், தோப்பு, கரும்பு என்று விலக்குகள் வேறு. தேவூர் டீக்கடையில், கிராம நிர்வாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சட்டம் வருது வருதுன்னு மெட்ராஸ்ல பேசிக்கிட்டே இருந்தாங்க சார். அதுக்குள்ள இங்க பத்திர ஆபீஸ்ல உக்கார எடமில்ல. சமையக்காரன் பேருக்குக் கொஞ்சம், கார் டிரைவர் பேருக்குக் கொஞ்சம், கட்டிக்குடுத்த பொண்ணு பேருக்குக் கொஞ்சம். கோயிலுக்குக் கட்டளை எழுதிவச்சு, அந்தக் கட்டளைக்குத் தானே டிரஸ்டி. உபரி நெலம்னு கடைசியில விட்டது பாருங்க, கடலோரத்துல உப்புப் பூத்த மண்ணு."

மாநிலம் முழுவதிலும் உபரியாக எடுத்த நிலம் சுமார் 2 லட்சம் ஏக்கர். மேற்கு வங்கத்தில் இதைப் போலப் பல மடங்கு எடுத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். டெல்டாவின் நஞ்சைப் பரப்பை நினைத்துப் பார்த்தால் நம்முடையது கைம்மண் அளவு. நல்ல நிலம் கைமாறவே இல்லையா என்றால், மாறியது. சட்டத்துக்குப் பயந்தும், பிள்ளைகள் படித்து ஊரைவிட்டுப் போனதாலும், கூலி உயர்ந்ததாலும் மிராசுதார்கள் தாங்களாகவே விற்றார்கள். வாங்கியவர்கள் யார் என்றால், கையில் கொஞ்சம் காசு இருந்த குத்தகைதாரர்கள். பெரும்பாலும் நடுத்தரச் சாதிகள். சேரிக்கு அது வந்து சேரவில்லை.

சேரிக்கும் கொஞ்சம் வந்தது. அது வேறு வழியில்.

வெண்மணிச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்த சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் பிறகு இங்கேயே தங்கிவிட்டார்கள். இருவரும் வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் வலிவலத்தில், கோயில் நிலம் ஒரே இடத்தில் பல பெயர்களில் குவிந்திருப்பதை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடத்தினார்கள். அந்த ஊருக்கும் போனேன். அங்கேயும் ஒரு மாடக்கோயில். திருக்குவளை கொஞ்ச தூரம்தான். உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்த முதல்வர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே அந்தச் சட்டத்தை வெறுங்காகிதமாக விட்டிருந்தார்கள் என்பதை வலிவலம்காரர்கள் கோபமில்லாமல் சொல்கிறார்கள்.

தானமாகவும் வராது, சட்டத்தாலும் வராது என்று பார்த்த பிறகு கிருஷ்ணம்மாள் மூன்றாவது வழியைப் பிடித்தார். விலைக்கு வாங்குவது. 1981இல் கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கூத்தூரில் லாஃப்டி என்று எல்லாரும் சொல்லும் 'உழுபவருக்கே நிலம்' இயக்கம் தொடங்கியது. விற்க நினைக்கும் மிராசுதாரிடம் போய் விலை பேசுவது, வங்கியிலும் அரசு நிதிக் கழகங்களிலும் கடன் ஏற்பாடு செய்வது, குடும்பத்துக்கு ஓர் ஏக்கராகப் பிரிப்பது, பத்திரத்தைப் பெண்ணின் பெயரில் எழுதுவது. கடனை அந்தப் பெண்கள் விளைச்சலில் கட்டினார்கள். இப்படிப் பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு நிலம் வந்தது. 2008இல் அந்தத் தம்பதிக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண். விருதுச் செய்தி வந்த அளவுக்கு, அந்தப் பத்திரம் எப்படி எழுதப்பட்டது என்ற செய்தி வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நம் ஊர்ப் புரட்சிகளில் பத்திர எழுத்தரின் பங்கை யாரும் பாடுவதில்லை.

இந்த வழிமேல் ஒரு விமர்சனம் உண்டு. தலைமுறை தலைமுறையாக உழைத்துக் கொழிக்க வைத்த நிலத்தை, அந்த உழைப்பாளியே காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று இடதுசாரி நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூத்தூர்ப் பக்கம் அப்படி நிலம் வாங்கிய குடும்பத்துப் பெண்மணி ஒருவரிடமே அதைக் கேட்டேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் அம்மா பெயரில் வந்த ஏக்கர், இப்போது அவர் சாகுபடி.

"சும்மா குடுத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். யாரு குடுத்தா?" என்றார். "கடன் அடைச்ச ரசீது எல்லாம் டிரங்குப் பெட்டியில இருக்கு. எங்க சித்தப்பா ஒருதரம் அதை வித்துப்புடலாம்னு குதிச்சாரு. பத்திரம் எங்கம்மா பேருல. வாயத் தொறக்க முடியல."

மூன்று மா நிலம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துமா? அவரே கணக்குச் சொன்னார். நல்ல வருடம் என்றால் சம்பாவில் முப்பது மூட்டை, அறுபது கிலோ மூட்டை. உழவு, விதை, உரம், மருந்து, அறுவடை மிஷின் வாடகை போக மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. மழை ஏமாற்றினாலோ, அறுப்பு நேரத்தில் கொட்டித் தீர்த்தாலோ அதுவும் இல்லை. உளுந்துதான் கையில் நிற்கும் காசு. அதனால் யாரும் அந்த ஏக்கரை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை. கணவர் கொத்தனார் வேலைக்கு நாகப்பட்டினம் போகிறார். மகள் திருப்பூரில் இருக்கிறாள். இவர் நூறு நாள் வேலைக்கும் போகிறார்.

"அப்படின்னா நிலத்தால என்ன லாபம்?"

"சோத்துக்குக் கையேந்த வேணாம்ல." கொஞ்சம் யோசித்து, "இப்ப ரேஷன்ல அரிசி சும்மாவே தர்றாங்க. அது வேற. அப்ப இல்லையே. அப்ப ஐப்பசி, கார்த்திகையில வயலு பச்சையா இருக்கும், வீட்டுல ஒண்ணும் இருக்காது. மிராசுதார் வீட்டுப் பின்வாசல்ல போயி நெல்லு கடன் கேட்டு நிப்போம். அறுப்புல ஒண்ணுக்கு ஒண்ணரையாப் புடிச்சிக்குவாங்க. எங்க நெலத்துல வெளஞ்ச மொத வருசம், அந்தப் பின்வாசலுக்கு எங்கம்மா போகல."

ஏழை வீட்டுக்கு ஓர் ஏக்கர் செய்கிற வேலை இது. அது செல்வம் சேர்த்துத் தராது. ஆனால் வெறும் மாதங்களைக் கடந்துவிட ஒரு பத்தாயம் கொடுக்கும். பத்தாயத்தில் நெல் இருப்பவர் மறுநாள் காலை கூலி பேசும்போது குரல் வேறு மாதிரி இருக்கும்.

1990களில் கடலோரம் இறால் பண்ணைகள் வந்தபோது விலைக்கு வாங்கும் இந்த வழியும் அடைபட்டது. கம்பெனிகள் கொடுத்த விலைக்கு எந்தக் கூலிக்காரப் பெண்ணாலும் நிலம் வாங்க முடியாது. உப்புநீர் பக்கத்து வயலுக்குள் இறங்கியது. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு இன்றும் அவர் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது.

கூத்தூரிலிருந்து தெற்கே போனால் திருத்துறைப்பூண்டி. இந்த வட்டாரத்தின் கதை வெண்மணிக்குக் கால் நூற்றாண்டு முந்தியது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் 1943 வாக்கில் தென்பறையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பண்ணையாட்களைச் சங்கமாகக் கூட்டினார். அவர்கள் வைத்த முதல் கோரிக்கைகளில் நிலம் இல்லை. சவுக்கால் அடிக்கக் கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் இறந்தார். சீனிவாசராவின் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. அங்கே நின்ற ஒரு கல்லூரி மாணவரிடம் சாணிப்பாலைப் பற்றிக் கேட்டால், "தாத்தா சொல்லியிருக்காரு, நம்பல" என்றார். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1952இல் ராஜாஜி ஆட்சி தஞ்சைக்கென்று சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்கக் கூடாது என்றது சட்டம். மிராசுதார்களோ பண்ணையாள் என்று யாரையும் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறிக்கொண்டார்கள். பாதுகாப்புக்குரிய ஆளே இல்லாமல் போனான். குத்தகைதாரர்களுக்குத்தான் அந்தச் சட்டமும் அதன் பின்னே வந்தவையும் உண்மையாக உதவின. விளைச்சலில் குத்தகைதாரருக்கு 1952இல் ஐந்தில் இரண்டு பங்கு. 1956 நியாய வாரச் சட்டம் நஞ்சையில் அதை 60 சதவீதமாக்கியது. 1980 வாக்கில் நில உரிமையாளர் கேட்கக்கூடியது 25 சதவீதம்தான் என்றானது. 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டமும் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் பிழைத்தார்கள். அவர்கள் பேரன்கள் பலர் இன்று சொந்த நிலக்காரர்கள். கோயில், மடத்து நிலத்துக் குத்தகைதாரர்கள் மட்டும் இன்னும் பாக்கி நெல்லுக்காக வருவாய் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

பதிவேட்டில் பெயர் ஏறினால் குத்தகைதாரரைக் கிளப்ப முடியாது என்பதைச் சட்டம் நில உரிமையாளருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. அதன் விளைவை மன்னார்குடிச் சாலையில் ஒரு கொள்முதல் நிலையத்தில் பார்த்தேன். களத்தில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருவதற்காகச் சிலர் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். அங்கே காத்திருந்தவருக்கு நாற்பது வயது. தாத்தா அதே ஊரில் பண்ணையாள். இவர் இப்போது அந்தப் பண்ணை வீட்டுப் பேரனின் ஐந்து ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். நில உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். ஒப்பந்தம் எல்லாம் போனில் பேசியதுதான். விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். 25 சதவீதம் என்று ஒரு சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னதும் சிரித்தார்.

"அதைச் சொன்னா அடுத்த போகத்துக்கு நெலம் வேற ஆளுக்குப் போயிடும் சார்."

பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் சென்னைக்காரர் பெயரில். மத்திய அரசு விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் போடுகிறதே, அது நிலம் வைத்திருப்பவருக்குத்தான், எனவே சென்னைக்குப் போகிறது. பயிர்க்காப்பீடு, கூட்டுறவுக் கடன் எதற்குப் போனாலும் அடங்கல் கேட்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் நல்லவராக இருந்தால் சாகுபடிச் சான்று கொடுப்பார். கொடுத்தால் அது பின்னால் வழக்குக்கு ஆதாரமாகிவிடுமோ என்று நில உரிமையாளர் போன் போட்டுத் தடுப்பார். இந்த நெல்லுக்கான பணம்கூட நில உரிமையாளர் கணக்கில்தான் ஏறும். தன் குத்தகையைப் பிடித்துக்கொண்டு மீதியை இவருக்கு அனுப்புவார்.

"ஒழுங்கா அனுப்பிடுவாரா?"

"அனுப்பிடுவாரு. நல்ல மனுசன்தான். போன வருசம் ஒரு மாசம் லேட்டாச்சு. அதுக்குள்ள நகைக் கடன் வட்டி ஏறிடுச்சு."

தாத்தாவுக்குக் குடிமனைப் பட்டா கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது. அந்த வீட்டில்தான் இவர் இப்போதும் இருக்கிறார். பெண் நாகப்பட்டினத்தில் நர்சிங் படிக்கிறாள். நெல்லைத் தூற்றும் மிஷினில் அவர் முறை வந்துவிட்டதாகக் கூப்பிட்டார்கள். போகும்போது திரும்பி, "பேரு கீரு எதையும் போட்டுடாதீங்க சார், அவரு படிச்சவரு, பாத்துட்டாருன்னா சங்கடம்" என்றார்.